தடயங்களுக்கு ஒரு கணக்குப்பிள்ளை: மர்மக்கதை எழுதுபவர் பார்வையில் ஸ்க்ரிவனர் 3

கோஸி மிஸ்டரி எனப்படும் மென்மையான மர்மக்கதையை எழுதுபவருக்குக் கொலை பெரிய வேலை இல்லை. முதல் சில அத்தியாயங்களுக்குள், பெரும்பாலும் வாசகர் கண்ணில் படாமலேயே, அது நடந்து முடிந்துவிடும். ரத்தம் தெறிக்காது, சித்திரவதை கிடையாது. தலைவலி அதற்குப் பிறகுதான். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் யாருக்கு எது தெரியும்? இருபதாவதில் தோட்டக்காரர் சொல்லும் பொய், ஏழாவதில் அவரே சொன்னதோடு இடிக்கிறதா? கடைசியில் முடிச்சை அவிழ்க்கும் அந்த ஈரக் குடையை வாசகர் முன்பே ஒருமுறை பார்த்துவிட்டாரா, இல்லை எழுதியவரின் மனதுக்குள் மட்டும்தான் அது இருந்ததா?

இந்த வகைக் கதையில் துப்பறிபவர் போலீஸ்காரர் அல்ல. நூலகராகவோ பழைய பொருள் விற்பவராகவோ ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ இருப்பார். அவருக்கு ஆய்வகம் இல்லை, விசாரணை அதிகாரம் இல்லை. காதும் கண்ணும் வம்புப்பேச்சும்தான் மூலதனம். அதனால் கதையின் பாரம் முழுவதும் தடயங்கள் வரும் வரிசையில் இறங்குகிறது. லண்டனில் 1930இல் தொடங்கப்பட்ட டிடெக்‌ஷன் கிளப்பில் சேர்ந்த எழுத்தாளர்கள், முக்கியமான தடயத்தை வாசகரிடமிருந்து மறைப்பதில்லை என்று உறுதிமொழியே எடுத்தார்கள். பாதி விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்த ஒரு விதியை மீறினால் இன்றைக்கும் வாசகர் புத்தகத்தைத் தூக்கி எறிவார்.

ஸ்க்ரிவனர் என்ற எழுத்து மென்பொருளை இந்தக் கணக்கு வேலைக்கு எவ்வளவு உதவுகிறது என்று பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். ‘நாவல் எழுதும் மென்பொருள்’ என்ற பெயரைக் கேட்டு வாங்கி, வேர்டு போலத் தட்டச்சு மட்டும் செய்துவிட்டு, இதில் என்ன விசேஷம் என்று கேட்பவர்கள் நிறைய. தட்டச்சில் விசேஷம் எதுவும் இல்லை.

அகதா கிறிஸ்டியின் குறிப்பேடுகள் 73 கிடைத்திருக்கின்றன. எந்தக் கதைக்கு எந்தக் குறிப்பேடு என்ற ஒழுங்கு அவற்றில் இல்லை. கொலைத் திட்டத்துக்குப் பக்கத்திலேயே வீட்டுச் சாமான் பட்டியலும் இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு நேர்த்தியான முறை உண்டு. காட்சிகளை ஓரிரு வரியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தை அடையாளமாக இட்டு, பிறகு அந்த எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பார். ஸ்க்ரிவனரின் கார்க்போர்டு செய்வதும் இதேதான். ஒரு காட்சிக்கு ஒரு அட்டை, அட்டையில் இரண்டு வரிச் சுருக்கம். அட்டையை இழுத்து இடம் மாற்றினால் அதன் கீழுள்ள எழுத்துப் பகுதி முழுவதும் சேர்ந்து நகரும்.

மென்பொருளின் பிறப்பும் ஏறக்குறைய இப்படித்தான். நாவல் எழுத முயன்ற கீத் ப்ளவுண்ட், தனக்கு வேண்டிய கருவி கிடைக்காததால் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு தானே உருவாக்கினார். மேக் கணினிக்கு 2007இல் வந்தது. விண்டோஸுக்கு 2011இலும், ஐபோன், ஐபேடுக்கு 2016இலும் வந்தது. இப்போதுள்ள மூன்றாம் பதிப்பு மேக்கில் 2017இலும் விண்டோஸில் 2021இலும் வெளியானது. ஆண்ட்ராய்டுக்குக் கிடையாது. போனிலேயே எழுதுகிறவர் கையில் ஆண்ட்ராய்டு இருந்தால் இந்த மதிப்புரையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

திரையின் இடப்பக்கம் பைண்டர் என்ற மரவரிசை. அதில் ட்ராஃப்ட், ரிசர்ச், ட்ராஷ் என்று மூன்று அடிப்படைக் கோப்புறைகள். நாவல் வார்ப்புருவைத் தேர்ந்தெடுத்தால் ட்ராஃப்டின் பெயர் மானுஸ்க்ரிப்ட் என்று இருக்கும், பாத்திரங்களுக்கும் இடங்களுக்கும் தனிக் கோப்புறைகள் சேரும். ட்ராஃப்டுக்குள் இருப்பதுதான் புத்தகமாகும், வெளியே இருப்பது, முன்பக்கங்கள் போல நீங்களே சேர்த்தால் தவிர, ஆகாது. இந்தப் பிரிவினைதான் மர்மக்கதைக்காரருக்கு முதல் வரம்.

ஏனென்றால் மர்மக்கதையில் இரண்டு கதைகள் உண்டு. ஒன்று உண்மையில் நடந்தது, மற்றொன்று கண்டுபிடிக்கப்பட்ட வரிசை. முதல் கதையை ட்ராஃப்டுக்கு வெளியே ‘நடந்தது’ என்ற கோப்புறையில் எழுதி வையுங்கள். கொலையாளியின் பார்வையில், கால வரிசைப்படி, பன்னிரண்டு முதல் பதினைந்து அட்டைகள் போதும். யார் எப்போது எங்கே இருந்தார், எதைத் தொட்டார், யார் அதைப் பார்த்தார் என்று ஒவ்வொன்றிலும் இருக்கட்டும். இதை எழுதாமல் நேரே காட்சிகளுக்குள் இறங்குகிறவர்கள் பாதி வழியில் சிக்குவது கற்பனை வறண்டதால் அல்ல. சந்தேகத்துக்குரியவர் பொய் சொல்ல வேண்டிய இடத்தில் உண்மை எது என்றே எழுதுபவருக்குத் தெரியாததால்தான்.

அடுத்தது தடயங்களைக் குறிப்பது. இங்கேதான் பலர் தவறான கருவியை எடுக்கிறார்கள். லேபிள் என்ற வண்ணக் குறி கண்ணைப் பறிப்பதால் அதைத் தடயத்துக்குப் பயன்படுத்துவார்கள். ஆனால் ஒரு காட்சிக்கு ஒரே ஒரு லேபிள்தான் இட முடியும். நல்ல காட்சி ஒன்று இரண்டு மூன்று தடயங்களைச் சுமக்கும். ஆகவே தடயங்களுக்கு கீவேர்டு என்ற சொற்குறி. அதை எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம். லேபிளைக் கதை இழைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கொலை விசாரணை ஒரு வண்ணம், துப்பறிபவரின் சொந்த வாழ்க்கை ஒன்று, ஊர்த் தகராறு ஒன்று. கார்க்போர்டில் லேபிள்படி அடுக்கும் வசதியைத் திறந்தால் ஒவ்வொரு இழையும் தனிக் கோடாக விரிந்து, அட்டைகள் அந்தந்தக் கோட்டில் உட்காரும். ஒன்பது காட்சிகளாக விசாரணைக் கோட்டில் அட்டையே இல்லை என்றால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கோஸி கதைகளில் மிகச் சாதாரணமான நோய் இது. கடையும் பூனையும் காதலும் நன்றாக நடந்துகொண்டிருக்கும், பிணத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

கீவேர்டு ஒட்டியதும் அதைத் தேடலாக்கிச் சேமிக்க வேண்டும். தேடல் பெட்டியில் தடயத்தின் பெயரை இட்டு, பூதக்கண்ணாடிப் பட்டியலில் எல்லாவற்றிலும் தேடு என்பதை விட்டுவிட்டு கீவேர்டில் மட்டும் என்று தேர்ந்தெடுத்து, அதே பட்டியலின் கீழே உள்ள சேமிக்கும் கட்டளையைக் கொடுத்தால் தேடலில் சிக்கியவற்றின் தொகுப்பாக ஒரு கலெக்‌ஷன் உருவாகும். அது தானே புதுப்பித்துக்கொள்ளும். ‘ஈரக் குடை’ என்ற கலெக்‌ஷனைச் சொடுக்கினால் குடை வரும் காட்சிகள் மட்டும் வரிசையாக நிற்கும். அவற்றைச் சேர்த்து ஒரே நீள உரையாகவும் வாசிக்கலாம். ஒரு தடயத்துக்குக் குறைந்தது மூன்று வரவு இருக்க வேண்டும்: விதைத்தது, நினைவூட்டியது, விளக்கியது. ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் கடைசி அத்தியாயத்தில் என்றால் அது தடயமே அல்ல, மோசடி. இரண்டு மட்டும் இருந்து இடையே நாற்பதாயிரம் சொற்கள் ஓடியிருந்தால் வாசகர் மறந்திருப்பார், நடுவில் இன்னொருமுறை தொட்டுக்காட்ட வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர் கீவேர்டைத் தவிர்த்துவிட்டு உரையிலேயே தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தால் மொழி காலை வாரிவிடும். ‘விஷம்’ என்று தேடினால் ‘விஷத்தை’, ‘விஷத்தால்’ இரண்டும் சிக்காது. சரி, ‘விஷ’ என்று சுருக்கித் தேடினால் நாவலில் உள்ள அத்தனை ‘விஷயம்’களும் வந்து நிற்கும். ‘கத்தி’யைத் தேடினால் கத்தியவர்கள் எல்லோரும் வருவார்கள். சொல் வேற்றுமை உருபோடு உருமாறும் மொழியில் கீவேர்டு போன்ற கைக்குறிதான் நம்பகமானது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இது ஒரு வசதி, நமக்கோ வேறு வழியே இல்லை.

மூன்றாவது, கஸ்டம் மெட்டாடேட்டா. ப்ராஜெக்ட் செட்டிங்ஸில், ஒவ்வொரு காட்சிக்கும் கூடுதல் தகவல் நிரப்பும் புலங்களை நீங்களே உருவாக்கலாம். மூன்றாம் பதிப்பில் உரை, தேதி, பட்டியல், சரிக்குறி என நான்கு வகை. கோஸிக்கு மூன்று புலம் போதும். ‘கதை நாள்’ தேதி வகை. ‘யார் பொய் சொல்கிறார்’ உரை வகை. ‘துப்பறிபவருக்கு இப்போது தெரிவது’ இன்னொரு உரைப் புலம். இதற்கு மேல் புலங்களைச் சேர்த்தால் நிரப்புவதே வேலையாகி, ஐம்பதாவது காட்சியில் கைவிட்டுவிடுவீர்கள். அவுட்லைனர் என்ற திரைக்குப் போய் இந்தப் புலங்களை நெடுவரிசைகளாகத் திறந்தால் நாவல் முழுவதும் ஒரு அட்டவணையாகக் கிடைக்கும். ‘கதை நாள்’ தலைப்பைச் சொடுக்கினால் நாள்வாரியாக அடுக்கும். இது அட்டவணையில் தெரியும் வரிசையை மட்டும்தான் மாற்றுகிறது, பைண்டரில் உள்ள அத்தியாய வரிசை அப்படியே இருக்கும். செவ்வாய்க்கிழமை பூட்டியிருந்த நூலகத்துக்குள் செவ்வாய்க்கிழமை மாலை ஒருவர் நுழைவது போன்ற தவறுகள் இந்த அட்டவணையில் பளிச்சென்று தெரியும்.

நிமிடக் கணக்கில் அலிபி (கொலை நேரத்தில் வேறிடத்தில் இருந்ததற்கான சான்று) பார்க்கும் கதை என்றால் இது போதாது. அதற்கு ஏயான் டைம்லைன் என்ற தனி மென்பொருள் உண்டு, ஸ்க்ரிவனர் திட்டத்தோடு அதை இணைக்கலாம். பெரும்பாலான கோஸி கதைகளுக்கு அவ்வளவு தேவைப்படாது.

அளவுகளைப் பொறுத்தவரை, ஆங்கிலத்தில் இவ்வகை நாவல் வழக்கமாக எழுபதாயிரம் சொற்களைச் சுற்றி இருக்கும். அறுபது முதல் எழுபது காட்சிகள், காட்சிக்கு ஆயிரம் சொல் சுமார், சந்தேக நபர்கள் ஐந்து அல்லது ஆறு, உண்மைத் தடயம் எட்டு, போலித் தடயம் மூன்று நான்கு என்று திட்டமிட்டால் கார்க்போர்டு கையாளும் அளவில் இருக்கும். தமிழில் இதே கதைக்குச் சொல்லெண்ணிக்கை குறையும். ‘சொல்லிக்கொண்டிருந்தான்’ நமக்கு ஒரே சொல், அதைப் பிரித்து எழுதினால் இரண்டு, மூன்று. ஆங்கிலக் கணக்கை அப்படியே இலக்காக வைத்தால் கதை இழுபடும். எழுத்துக் கணக்கில் இலக்கு வைக்கலாமே என்றால் அதிலும் ஒரு சிக்கல்: ‘கொலை’ நமக்கு இரண்டெழுத்து, யூனிகோடில் நான்கு குறி. சொல்லையே அலகாக வைத்து, முதல் பத்துக் காட்சிகளின் சராசரியைப் பார்த்த பிறகு இலக்கை நிர்ணயிப்பது நல்லது. ப்ராஜெக்ட் டார்கெட்ஸ் பெட்டியில் மொத்த இலக்கும் முடிவு நாளும் கொடுத்தால் தினமும் எழுத வேண்டிய அளவை அதுவே பிரித்துச் சொல்லும். எழுதாத வாரநாட்களையும் குறித்து வைக்கலாம்.

ரிசர்ச் கோப்புறை எழுத்தாளர் திரட்டும் தகவல்களுக்கான பெட்டி. கோஸியின் கொலை முறை எப்போதும் யாரோ ஒருவரின் தொழிலறிவிலிருந்துதான் பிறக்கிறது. கிறிஸ்டி முதல் உலகப்போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்தார், 1917இல் அதற்கான தேர்விலும் தேறினார். அவர் கதைகளில் நஞ்சு அவ்வளவு கச்சிதமாக வேலை செய்வது அதனால்தான். உங்கள் துப்பறிபவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர் என்றால் கடிகாரத்தின் உள்ளமைப்புப் படம், பாகங்களின் பட்டியல், ஒரு பழுதுபார்ப்புக் கையேடு எல்லாம் இங்கே வரட்டும். பிடிஎஃப், படம், ஒலி எதையும் இழுத்துப் போடலாம். எடிட்டரை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் படம், மறுபக்கம் காட்சி என்று எழுதலாம். இணையப் பக்கங்களை நேரடியாக இறக்காமல் பிடிஎஃபாகச் சேமித்து இடுவது உத்தமம். பக்கம் பின்னாளில் மாறினாலும் உங்களிடம் இருப்பது மாறாது. பெரிய காணொளிகளை மட்டும் உள்ளே போடாதீர்கள். ஒவ்வொரு காப்புப்பிரதியிலும் அதுவும் நகலாகித் திட்டம் வீங்கும்.

இனி, எங்கே கெடும் என்பது.

கொலையாளியை மாற்றும் நாள் எல்லா மர்மக்கதைக்காரருக்கும் வரும். நாவலின் முக்கால் பங்கில், இவரைவிட அவர் பொருத்தமானவர் என்று தோன்றும். மாற்றுவதற்கு முன் காட்சிகளைத் தேர்ந்தெடுத்து ஸ்னாப்ஷாட், அதாவது அப்போதைய நிலையின் நகல், எடுக்கச் சொல்லித்தான் எல்லா வழிகாட்டிகளும் எழுதும். கன்ட்ரோலும் ஐந்தும், மேக்கில் கமாண்டும் ஐந்தும் அழுத்தினால் போதும். ஆனால் ஸ்னாப்ஷாட் காட்சியின் உரையை மட்டுமே பிடிக்கும். சுருக்க அட்டை, கீவேர்டு, நீங்கள் உருவாக்கிய புலங்கள், காட்சிகளின் வரிசை எதுவும் அதில் இல்லை. பழைய கொலையாளிக்குத் திரும்ப நினைத்தால் உரை வரும், தடயக் கணக்கு வராது. எனவே அந்த நாளில் ஸ்னாப்ஷாட்டோடு நிறுத்தாமல், ஃபைல் பட்டியலில் பேக்கப் கட்டளை கொடுத்து முழுத் திட்டத்தையும் வேறு பெயரில் சேமியுங்கள்.

தானியங்கிக் காப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. திட்டத்தை மூடும்போதெல்லாம் ஒரு பிரதி எடுக்கும், ஆனால் இயல்பாகக் கடைசி ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழிக்கும். ஒரே நாளில் ஐந்து முறை திறந்து மூடினால் நேற்றைய நல்ல பிரதி போய்விடும். முதல் நாளே அமைப்புக்குள் போய் எண்ணிக்கையை 25 ஆக்கி, பிரதிகளைச் சுருக்கி வைக்கும் விருப்பத்தையும் போட்டு, கோப்புறையைத் திட்டம் இருக்கும் வட்டுக்கு வெளியே மாற்றிவிடுங்கள்.

மேகச் சேமிப்புதான் அதிகம் பேரை அழவைப்பது. மேக்கில் ஒரே கோப்பு போலத் தெரியும் திட்டம் உண்மையில் ஒரு கோப்புறை. ஒவ்வொரு காட்சியும் அதற்குள் தனிக் கோப்பு. எழுதுவதை நிறுத்திய இரண்டு வினாடியில் தானே சேமிப்பதால் அந்தச் சிறு கோப்புகள் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். அவை எல்லாம் மேலேறி முடிவதற்குள் இன்னொரு கணினியில் திறந்தால் பைண்டரின் பட்டியலும் உள்ளிருக்கும் கோப்புகளும் பொருந்தாமல் போகும். மீட்கப்பட்ட கோப்புகள் என்று புதுக் கோப்புறை ஒன்று முளைத்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று பொருள். ஒரு கணினியில் மூடி, ஒத்திசைவு முடிந்தது என்ற குறி வந்த பிறகே மற்றதில் திறக்க வேண்டும். ஐபோன், ஐபேடோடு ஒத்திசைக்க ட்ராப்பாக்ஸ் என்ற மேகச் சேமிப்புதான் வழி. இருவர் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒரே திட்டத்தில் எழுதுவதற்கு இது ஆகவே ஆகாது.

காட்சிகளைச் சேர்த்து ஒரே புத்தகக் கோப்பாக்கும், கம்பைல் எனப்படும் கடைசிக் கட்டத்தில்தான் மென்பொருளின் மேல் கோபம் வரும், ஓரளவு நியாயமாகவே. நீங்கள் எழுதும்போது பார்த்த தோற்றம் வெளியாகும் புத்தகத்தில் இருக்காது, ஏனென்றால் எழுதும் எழுத்துருவும் வெளியீட்டு வடிவமும் வேண்டுமென்றே பிரிக்கப்பட்டவை. ஒவ்வொரு உருப்படிக்கும் செக்‌ஷன் டைப் என்ற வகை உண்டு. கோப்புறை அத்தியாயம், உள்ளிருக்கும் உரை காட்சி. கம்பைல் பெட்டியில் ஒவ்வொரு வகைக்கும் லேஅவுட் என்ற ஒரு பக்க வடிவமைப்பைப் பொருத்த வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு காட்சிக்கும் அத்தியாயத் தலைப்பு விழுந்து, இருபத்தைந்து அத்தியாய நாவல் அறுபத்தைந்து அத்தியாயமாக வெளியே வரும். தமிழுக்கு இன்னொரு படி: தயாராக உள்ள லேஅவுட்டுகள் ‘சாப்டர் ஒன்’ என்று ஆங்கிலத்தில் இடும். லேஅவுட்டின் தலைப்பு முன்னொட்டில் அந்தச் சொல்லை ‘அத்தியாயம்’ என்று மாற்றி, எண்ணைச் சொல்லாக எழுதும் குறியை நீக்கிவிட்டு இலக்கமாக இடும் குறியைப் போட வேண்டும். எழுத்துருவையும் தமிழ் உள்ள ஒன்றாகக் கம்பைல் பெட்டியிலேயே தேர்ந்தெடுங்கள். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் எழுதுகிறவர்கள் கவனம். கம்பைல் எழுத்துருவை மாற்றிய அடுத்த நொடி நாவல் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். யூனிகோடில் எழுதி, பதிப்பாளர் கேட்டால் கடைசியில் மாற்றிக் கொடுப்பதே வழி.

பதிப்பாசிரியர் திருத்தங்களோடு வேர்டு கோப்பைத் திருப்பி அனுப்பும் கட்டத்தில் ஸ்க்ரிவனரின் வேலை முடிந்துவிடுகிறது. வேர்டில் உள்ளது போன்ற திருத்தத் தடமறிதல் இதில் இல்லை. திருத்தங்களை மறுபடி இங்கே ஏற்றிப் பொருத்த முயன்றால் இரண்டு மூலப்பிரதிகளோடு போராடுவீர்கள். அதன் பிறகு வேர்டுதான் மூலம் என்று முடிவு செய்துவிடுங்கள். தமிழ்ச் சொற்பிழை திருத்தியை எதிர்பார்த்தும் வாங்க வேண்டாம். மெனுக்களும் தமிழில் இல்லை.

தொடராக எழுதுகிறவருக்கு ஒரு யோசனை. கோஸி வாசகர் தேடி வருவது கொலைக்காக அல்ல, அதே ஊருக்காகவும் அதே ஆட்களுக்காகவும்தான். மூன்றாம் புத்தகத்தில் அஞ்சல்காரரின் மனைவி பெயர் மாறினால் கடிதம் வரும். ஊர் வரைபடம், கடைகள், பாத்திரங்களின் வயது, யாருக்கு யாரோடு பகை என்பதையெல்லாம் முதல் புத்தகம் முடிந்ததும் தனித் திட்டமாக எடுத்து வையுங்கள். இரண்டு திட்டங்களையும் திறந்து வைத்து ஒன்றின் பைண்டரிலிருந்து மற்றதற்கு இழுத்தால் நகலாகிவிடும். காலியான தடயக் கீவேர்டுகள், புலங்கள், லேபிள்கள் உள்ள ஒரு பிரதியை வார்ப்புருவாகச் சேமித்தால் அடுத்த நாவலை அரை மணி நேரத்தில் தொடங்கலாம். எல்லாப் புத்தகங்களையும் ஒரே திட்டத்தில் அடைக்க வேண்டாம். ஒன்று பழுதானால் எல்லாம் பழுது.

மாதச் சந்தா இல்லை, ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால் மேக், விண்டோஸ், ஐபேடு மூன்றுக்கும் தனித்தனி உரிமம். சோதனைக் காலம் முப்பது நாள் என்பது நாட்காட்டி நாள் அல்ல, திறந்து பயன்படுத்திய நாள். வாரம் இரண்டு நாள் எழுதுகிறவருக்குப் பதினைந்து வாரம் வரும், ஒரு குறுநாவலின் முதல் வரைவையே அதற்குள் முடிக்கலாம். உள்ளேயே இருக்கும் பயிற்சித் திட்டத்துக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள், தடித்த கையேட்டைச் சந்தேகம் வரும்போது புரட்டினால் போதும். செலவே வேண்டாம் என்பவர்களுக்கு எழுத்தாளரும் நிரலாளருமான சைமன் ஹேன்ஸ் உருவாக்கிய ஒய்ரைட்டர் இருக்கிறது. அதுவும் காட்சிவாரியாகவே வேலை செய்யும். கார்க்போர்டின் அழகு அதில் இல்லை.

சிறுகதை எழுதுகிறவருக்கு ஸ்க்ரிவனர் தேவையில்லை. கொலையாளி யார் என்பதைக் கடைசிவரை தீர்மானிக்காமல் எழுதிப் போகிறவர் வாங்கலாம். ஆனால் தடயக் கீவேர்டுகளை முதல் வரைவு முடிந்த பிறகு ஒட்டத் தொடங்குங்கள், எழுதும்போதே ஒட்டினால் பாதி கீவேர்டுகள் எந்தக் காட்சிக்கும் உதவாமல் தொங்கும். நாவலோ தொடரோ, ஆறு சந்தேக நபர்களும் எட்டுத் தடயங்களும் கையில் இருந்தால், கம்பைலோடு இரண்டு நாள் மல்லுக்கட்டத் தயாராக வாங்குங்கள்.